சூளைக்குப் போனவரின் காசநோய் மாத்திரை

கேள்வி: கே.வி.குப்பம் பக்கம் மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஏரிக்கரையில் உள்ள இருளர் அண்ணன் ஒருவர் ஒரு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். செங்கல் சூளை வேலைக்குப் போனதும் விட்டுவிட்டார். மறுபடி இருமுகிறார். ஆஸ்பத்திரியில் கேட்டால், "இவங்க சொன்னா கேக்க மாட்டாங்க" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அவரைப் போய்ப் பாருங்கள், சகோதரி. யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? கால் வீங்கியிருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் 108ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். காசநோய் இறப்பைக் குறைக்க 2022இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்திலும் இந்த அறிகுறிகளைத்தான் பார்க்கிறார்கள்.

நடமாட்டத்தோடு இருந்தால், மீதமிருக்கும் பழைய மாத்திரைகளை அவராகவே தொடங்க வேண்டாம். நடுவில் நின்றுபோனதால் மருந்துக்குக் கிருமி அடங்காமல் போயிருக்கலாம். மறுபடி சளிப் பரிசோதனை செய்த பிறகுதான் மருந்து.

அப்புறம், அவர் ஏன் விட்டார் என்று யாராவது கேட்டார்களா? நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்று காரணங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிடுகிறார்கள்; அது மாத்திரையின் நிறம்தான். ஒரு மாதத்தில் இருமல் அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் சாப்பிட்டாக வேண்டும். மூன்றாவதுதான் பெரிது. புறநோயாளிச் சீட்டு கொடுப்பது காலையில், சூளை வேலையும் காலையில். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி இல்லை. இப்படி இருக்கும்போது "கேக்க மாட்டாங்க" என்று சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஊர் மாறினாலும் சிகிச்சை அறுபட வேண்டியதில்லை. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் இணையதளமான நிக்ஷயில் அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணைச் சொன்னால், சூளைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மாற்றித் தருவார்கள். அந்த எண்ணை அட்டையில் எழுதி வீட்டில் வையுங்கள், உங்கள் போனிலும் வையுங்கள். தினமும் மாத்திரை போட்டாரா என்று பார்க்கும் சிகிச்சை ஆதரவாளராகச் சூளையில் கூட வேலை செய்பவரே இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் இதை நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம்.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அவருக்குக் கணக்கு இல்லையென்றால் ஒப்புதல் எழுதிக் கொடுத்து நெருங்கிய உறவினர் கணக்கில் வாங்கலாம்.

முன்பணத்தைக் காட்டி முதலாளி வெளியே விடவில்லை என்றால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். நீங்களும் கூடப் போங்கள். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் அதே நாளில் பரிசோதனை கேளுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தாலும் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள்.