ரிப்பேருக்குப் போகும் சாமான்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அம்மா மதுரை திருநகரில் தனியாக இருக்கிறார். போன வருடம் அவருக்குப் பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர், வீடு கூட்டும் ரோபோ, தொட்டால் வேலை செய்யும் இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டார். ரோபோ கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அடுப்பைத் தொடுவதில்லை. புது மிக்ஸி கூட அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது. பழைய மிக்ஸியின் ஜாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பெரியார் நிலையம் பக்கம் போய் அடியில் தேய்ந்த புஷ் வளையத்தை மாற்றிக்கொண்டு வருகிறார். நம் ஜனங்களுக்குத் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்ளும் பக்குவமே கிடையாதா? உலகமே ஏஐ என்று போகும்போது நாம் பட்டிக்காடாகவே இருக்க வேண்டியதுதானா? அடுத்ததாக, கீழே விழுந்தால் எனக்குத் தகவல் தரும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். அதையாவது கட்டிக்கொள்வாரா?

கே.

அன்புள்ள தம்பி கே.,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். அம்மா மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச காலமாக நான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் விஷயமே அதுதான்.

அதற்கு முன்னால் ‘பட்டிக்காடு’. பெற்றவளைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்திக்கு எழுதும்போது அந்த வார்த்தை உங்களுக்கு எப்படி வந்தது? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை இருக்கும். யுபிஐ வந்ததே 2016இல்தான். அந்த வியாபாரிகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பணம் வந்து சேர்ந்ததும் சத்தமாகச் சொல்கிற சின்னப் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். கை பூவை நிறுத்துக்கொண்டிருக்க, காது கணக்குப் பார்த்துவிடுகிறது. அதுவும் பேசும் ஸ்பீக்கர்தான், தம்பி. அவர்களுக்குத் தேவையான ஒரே ஒரு செய்தியை, அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறது. அதனால் அது கடையில் இருக்கிறது.

நீங்கள் வாங்கிக் கொடுத்தது எந்த ஸ்பீக்கர் என்று எழுதவில்லை. அமேசானின் அலெக்ஸா இந்தியாவுக்கு 2017இல் ஆங்கிலத்தோடு வந்தது. 2019இல் இந்தி கற்றுக்கொண்டது. திருநகர் வீட்டில் தனியாக இருக்கிற அம்மா அதனிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? அவர் ஒயரைப் பிடுங்கியது சரி. அமெரிக்காவிலேயே ஜனங்கள் அதை டைமர் வைக்கவும் பாட்டுப் போடவும்தான் அதிகம் கூப்பிட்டார்கள். 2017 முதல் 2021 வரை, அலெக்ஸாவை விற்கும் அமேசானின் கருவிகள் பிரிவு 2,500 கோடி டாலருக்கு மேல் இழந்தது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 2024இல் எழுதியது. அந்த ஊரையும் பட்டிக்காடு என்பீர்களா?

அடுப்புக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணாடியில் விரல் படும்போது மாறும் மின்புலத்தை உணர்ந்துதான் சுவிட்ச் வேலை செய்கிறது. மேலே தண்ணீர் தெறித்தால் குழம்பும். காய்ந்து தேய்ந்த விரலைச் சில நேரம் அறியாது. காலம் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை, சமையல் நடுவில் ஈரமாகவே இருக்கிற கை உங்கள் அம்மாவுடையது. திருகுகிற குமிழ் வைத்த அடுப்பு என்றால் அவர் பேசாமல் சமைத்திருப்பார். ரோபோவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது கட்டிலடியிலேயே இருக்கட்டும்.

இப்போது ஜாருக்கு வருகிறேன்.

என் சித்தப்பா சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஈயப்பற்று வைக்கும் புகை நெடி எனக்குப் பிடிக்கும். ரேடியோ, டேப் ரெக்கார்டர், இஸ்திரிப் பெட்டி, ஃபேன், மிக்ஸி என்று எல்லாம் பார்ப்பார். செல்லூரிலிருந்து நெசவுக்காரர்கள் ரேடியோவைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். தறியில் இருக்கும்போது இலங்கை வானொலி கேட்காவிட்டால் வேலை ஓடாது என்பார்கள். பெண்கள் மிக்ஸியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், கப்ளர் பல் போயிருக்கும், ஜாரில் புஷ் போய் அடியில் தண்ணீர் ஒழுகும். ‘நாளைக்கு வாங்கம்மா’ என்றால் போக மாட்டார்கள். ‘சாயங்காலத்துக்கு மாவு அரைக்கணும், இங்கேயே நிக்கிறேன்’ என்று படியில் உட்கார்ந்துவிடுவார்கள். சித்தப்பா கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அதை எடுப்பார். அவர் எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கடைக்கு வராத சாமான்களும் இருந்தன. கல்யாணத்துக்குக் கல்யாணம் பரிசாகக் கொடுக்கப்பட்ட ரொட்டி மேக்கர் வராது. முட்டை வேகவைக்கும் கருவி வராது. துபாயிலிருந்து வந்த எலக்ட்ரிக் கத்தி வராது. அவையும் நின்றுபோயிருக்கும்தானே? நின்றுபோனது வீட்டில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் யாரும் கவலைப்படவில்லை.

எனக்கு ஒரு சாமான் ஜனங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா என்று தெரிய வேண்டுமானால், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்க மாட்டேன். வாங்குவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. தீபாவளித் தள்ளுபடி, மாதத் தவணை, பக்கத்து வீட்டில் இருக்கிறது, மகன் அனுப்பினான். ரிப்பேருக்கு அந்தக் காரணம் எதுவும் கிடையாது. வெயிலில் தூக்கிக்கொண்டு போய், காத்திருந்து, கைக்காசு கொடுத்து, திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஒருவர் ஒரு பொருளைத் தன் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வருகிறார் என்றால் அது அவருக்கு வேண்டும். இதைவிட நேர்மையான சாட்சியை எந்த மார்க்கெட் சர்வேயும் கொடுக்காது.

‘வசதி இல்லாததால் ரிப்பேர் பண்ணுகிறார்கள் அக்கா’ என்று சொல்ல வருவீர்கள். உங்கள் வீட்டையே பாருங்கள். புது மிக்ஸி, பைசா செலவில்லாமல், பரணில் இருக்கிறது. இருந்தும் அம்மா பழைய ஜாரோடு பஸ் ஏறினார். தேங்காய்ச் சட்னிக்கு எத்தனை சுற்று, மிளகாய்ப் பொடிக்கு எந்தச் சத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்த மிக்ஸி அது. காசு இல்லாதவர்களும் வேண்டாத சாமானை ரிப்பேர் செய்வதில்லை, எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஏழ்மையையும் விருப்பத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். படித்தவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறு இது, எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது.

இலவசங்கள் வந்தபோதும் இதே பேச்சுத்தான். 2006 தேர்தலுக்குப் பிறகு கலைஞர் அரசு கலர் டிவி கொடுத்தது. 2011க்குப் பிறகு ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. ‘ஓசியில் வந்த சாமானுக்கு என்ன மதிப்பு’ என்று நகரத்து நண்பர்கள் சிரித்தார்கள். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் ரிப்பேர் கடைகளில் அந்த மிக்ஸிகளை வரிசையாக நான் பார்த்திருக்கிறேன். ஃபேனுக்குக் காயில் கட்டி, கெபாசிட்டர் மாற்றி ஓட்டினார்கள். ஓசியில் வந்ததற்குக் கைக்காசு போட்டு உயிர் கொடுத்தார்கள். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தோள்பட்டை போன பெண்களிடம் கேட்டால் தொழில்நுட்பம் என்றால் என்னவென்று அழகாகச் சொல்வார்கள். 1955இல் கோயம்புத்தூர் சபாபதி மாவு அரைக்கும் கிரைண்டரைச் செய்தபோது யாரும் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பக்குவம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இந்த மிக்ஸி பிறந்த கதை உங்களுக்குத் தெரியுமா? மும்பையில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்று ஒரு பொறியாளர், சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை. அவர் மனைவி மாதுரியிடம் ஜெர்மனியில் செய்த பிரான் கம்பெனி மிக்ஸர் ஒன்று இருந்தது. நம் ஊர் அரவைக்குத் தாங்காமல் மோட்டார் போய்விட்டது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. அதற்குப் பிறகுதான் அவர் நம் சமையலுக்கு ஈடுகொடுக்கும் மோட்டாரோடு தானே ஒன்றைச் செய்ய இறங்கினார். 1963இல் சுமீத் மிக்ஸி வந்தது. உளுந்தும் மஞ்சளும் கொப்பரையும் அரைக்கும் மிக்ஸி, ரிப்பேர் செய்ய முடியாமல்போன ஒரு மெஷினால் வந்தது. உங்கள் அம்மாவின் சமையலறையில் நிற்பதும் அந்த வம்சம்தான்.

என் கவலை வேறு. ஜனங்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்ல இருந்த அந்த ஒரு வழியும் இப்போது அடைபட்டுக்கொண்டிருக்கிறது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். உதிரிபாகத்தை மாற்றினால் மெஷின் அதை ஏற்க மறுக்கிறது. மீனாட்சி பஜாரில் செல்போன் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கிற பையன்களைப் பாருங்கள். ஹீட்டரால் பசையை இளக்கி, கண்ணாடி உடையாமல் திறப்பதற்குள் அவர்களுக்கு வேர்த்துவிடும். சித்தப்பா காலத்தில் நாலு திருகாணி போதும்.

நீங்கள் சொல்லும் ஏஐயிலிருந்தே ஒன்று. சட்டையில் குத்திக்கொண்டு பேசினால் பதில் சொல்லும் ‘ஏஐ பின்’ என்று ஹியூமேன் நிறுவனம் 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு விற்றது. மாதச் சந்தா 24 டாலர் தனி. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பெரும்பகுதியை ஹெச்பி 11.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அந்த மாதம் 28ஆம் தேதியோடு அதை இயக்கிய சர்வரை நிறுத்தினார்கள். வாங்கினவர்கள் கையில் இருந்த அந்த ‘ஏஐ பின்’ செத்துப்போனது. அதைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்குப் போவது? எந்தச் சித்தப்பா சரிசெய்வார்? அதை மனதார விரும்பினவர் யாராவது இருந்திருந்தாலும் அந்த விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடத்துக்கு முக்கியமான உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். இங்கே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த உரிமை இன்னும் சட்டமாகவில்லை. தமிழ்நாட்டு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகச் சொன்னது. பாராட்டுகிறேன். மேலூர்க் கல்லூரிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு மொத்தமாக வாங்குகிற அரசு, பேட்டரியைத் திருகாணி கழற்றி மாற்ற வேண்டும், கீபோர்டு தனியாகக் கிடைக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதினால் எந்தக் கம்பெனி மறுக்கும்? உங்களைப் போல மென்பொருள் தெரிந்த பிள்ளைகள் எழுப்ப வேண்டிய கேள்வி இது. அம்மாக்களுக்குப் பக்குவம் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

கைக்கடிகாரம் கேட்டிருந்தீர்கள். விழுவதை அறியும் வசதி 2018இல் ஆப்பிள் வாட்சில் வந்தது. விழுந்து ஒரு நிமிடம் போல அசைவில்லை என்றால் அதுவே உதவிக்கு அழைக்கும். நல்ல விஷயம்தான், நான் எதிரியில்லை. உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. தூரத்தில் இருந்துகொண்டு ராத்திரி போன் எடுக்கவில்லை என்றால் என்ன பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தினமும் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும், குளிக்கப் போகும்போதும் கழற்றாமல் இருக்க வேண்டும். அம்மாவிடம் கேளுங்கள். கட்டிக்கொள்கிறேன் என்றால் வாங்குங்கள். யோசித்தால் விட்டுவிடுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடியும், தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸும் போட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். எந்த உயரத்தில் கைப்பிடி வேண்டும் என்று அவரையே நிற்க வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முடித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா