அசரீரிக்கு எப்படிக் கடிதம் போடுவது?

கேள்வி: அமெரிக்க ராணுவம் ஒரு விமானத்தையே வானொலி நிலையமாக வைத்திருந்ததாமே! வானத்திலிருந்து அசரீரி மாதிரி பேசினால் எதிரியின் மனம் மாறிவிடுமா? நம் ராணுவத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர் ஒருவர், கூடலூர்

பதில்: அசரீரி என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டேன். உடம்பில்லாத குரல். யார் பேசுவது என்று தெரியாது, திருப்பிக் கேட்கவும் முடியாது. நம் கதைகளில் பேர்போன அசரீரி கம்சன் காதில் விழுந்ததுதான். தங்கை தேவகியின் கல்யாண ஊர்வலத்தில் அவனே ஆசையாகத் தேரோட்டிப் போகிறான். ‘இவளுடைய எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும்’ என்கிறது வானம். அவன் மனம் மாறியதா? மாறியது. தேரோட்டியவன் தங்கையின் கூந்தலைப் பிடித்து வாளை ஓங்கினான். மேலேயிருந்து பேசுகிறவரிடம் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. கேட்கிறவன் மனம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் கையில் இல்லை.

வியட்நாம் போரிலும் இதுதான் நடந்தது. முறையாக அடக்கம் செய்யாத பிணத்தின் ஆவி அலையும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதைத் தெரிந்துகொண்ட அமெரிக்கர்கள் 1969, 70 வாக்கில் இழவு வீட்டு இசை, அழுகை, அப்பாவைக் கூப்பிடும் குழந்தைக் குரல் எல்லாம் சேர்த்து ஒலிநாடா தயாரித்தார்கள். ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி ராத்திரியில் காட்டுக்கு மேலே அதைப் போட்டார்கள். சத்தம் வந்த திசையைப் பார்த்துத் துப்பாக்கிகள் சுட்டன. செத்தவர் குரலைப் பொய்யாகச் செய்து உயிரோடு இருப்பவனை மிரட்டுவதை என்னால் பொறுக்க முடியாது. எந்த நாட்டு ராணுவம் செய்தாலும் அது ஈனம்தான்.

சரி, உங்கள் விமானத்துக்கு வருகிறேன். பெயர் கமாண்டோ சோலோ. நான்கு எஞ்சின் ஹெர்குலிஸ் விமானம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள விமானப் படைப் பிரிவான 193ஆவது பிரிவு வைத்திருந்தது. ஏஎம், எஃப்எம், சிற்றலை, தொலைக்காட்சி என்று எல்லாவற்றுக்கும் உள்ளே டிரான்ஸ்மிட்டர் உண்டு. பறக்கும்போது பின்னால் நீளமான கம்பியை அவிழ்த்துவிடுவார்கள், அதுவும் ஒரு ஆன்டெனா. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. உயரத்திலிருந்து அனுப்பினால் தூரம் போகும். கோடைக்கானல் மலைமேல் கோபுரம் நிற்பதால்தான் கோடை பண்பலையைக் கீழே இத்தனை மாவட்டங்களில் கேட்கிறார்கள். மலை இல்லாத இடத்துக்கு அனுமன் மாதிரி மலையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அந்த விமானத்தின் வேலை.

பலித்ததா என்றால், பலித்த இடமும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் இதே விமானத்தின் முந்தைய வடிவம் ஒலிபரப்பியது. கூடவே சுமார் 2.9 கோடி துண்டுப் பிரசுரங்களை ஈராக் படைகள்மேல் போட்டார்கள். ‘நாளை உங்கள் படைப்பிரிவின்மேல் குண்டு விழும், இடத்தை விட்டுப் போய்விடுங்கள்’ என்று சில பிரசுரங்களில் இருந்தது. மறுநாள் குண்டு விழுந்தது. அப்புறம் இன்னொரு பிரசுரம். சரணடைந்தவர்களில் பலர் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்கள். சொன்னது நடந்தது, அதனால் நம்பினார்கள்.

2001இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் உணவுப் பொட்டலங்களையும் வானத்திலிருந்து போட்டார்கள், உள்ளேயிருந்து நிறைய சின்னக் குண்டுகள் சிதறும் கொத்துக் குண்டுகளையும் போட்டார்கள். பொட்டலமும் மஞ்சள், வெடிக்காமல் கிடந்த சின்னக் குண்டும் மஞ்சள். ‘மஞ்சளாக இருப்பதெல்லாம் சோறு இல்லை, பார்த்து எடுங்கள்’ என்று வானொலியில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. பிறகுதான் பொட்டலத்தை நீல நிறமாக மாற்றினார்கள். பசியோடு ஓடிவரும் பிள்ளைக்கு மேலேயிருந்து என்ன அறிவிப்பு செய்து என்ன?

நம் நீலகிரி மலையில் வானொலியை நம்பிய கதை வேறு. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இங்கே அனுப்ப 1964இல் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்த குடும்பங்கள் எத்தனை! எங்கள் லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும் இருந்தார்கள். சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் முதல் வேலை பாட்டரி ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிப்பதுதான். அந்த வானொலியே போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த படைவீரர்களுக்காக பிரிட்டிஷார் கொழும்பில் நடத்திய நிலையத்தின் கருவிகள்தான் பிறகு இலங்கை வானொலிக்கு வந்தன. ராணுவ டிரான்ஸ்மிட்டர்தான். ஆனால் எங்கள் அம்மா அதை அசரீரியாக நினைக்கவில்லை. அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்வார். அஞ்சலட்டை போட்டால் ஊர்ப் பெயரோடு நம் பெயரையும் வாசிப்பார். பதில் போட முடிந்த குரல் அது.

இதனால்தான் ‘எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, மீடியம் வேவ் எதற்கு?’ என்று பழைய ஏஎம் வானொலி அலையை வேண்டாம் என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன். இன்றைக்கும் விடுவதாயில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. வாய் திறந்து பேசியது பாட்டரி ரேடியோ ஒன்றுதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இனியும் கொட்டும். எஃப்எம் அலைக்கு நம் பள்ளங்களில் மலை மறைக்கும். மீடியம் வேவ் வளைந்து இறங்கும்.

கமாண்டோ சோலோவும் 2010இல் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது அந்த ஊர் மொழியிலேயே நிவாரணச் செய்தி ஒலிபரப்பியது. அதன் வாழ்நாளில் நான் மனதாரக் கும்பிடும் வேலைகளில் அது ஒன்று. 2022 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு விமானக் காட்சியில் கடைசி ஒலிபரப்பைச் செய்துவிட்டு அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அவர்களே விட்டதை நாம் ஏன் வாங்க வேண்டும்? அந்தப் பணத்தில் மலைப் பள்ளங்களுக்கு எட்டும் டிரான்ஸ்மிட்டரும், அது நிற்காமல் ஓட ஒரு ஜெனரேட்டரும் கொடுத்தால் போதும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் எந்தெந்த லயத்தில், எந்தத் தோட்டக் குடியிருப்பில் ரேடியோ எடுக்கவில்லை என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர், எத்தனை வீடு, எந்த நிலையம் கேட்கவில்லை என்பது வேண்டும். மழைக்கு முன்னால் வரும் இதழில் பட்டியலாகப் போட்டு கலெக்டர் ஆபீசுக்கும் வானொலி நிலையத்துக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.