மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது, இனி மது குடிக்கலாமா?

கேள்வி: என் வயது 38. மூன்று நாள்களுக்கு முன் திடீரென மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கசிந்த இடத்தை மருந்து வைத்துக் கருக்கிவிட்டார். அதன்பின் ஒரு சொட்டுகூட வரவில்லை. நாளை மறுநாள் நண்பர் வீட்டு விருந்தில் இரண்டு பெக் குடிக்கலாமா?

பதில்: இந்த முறை வேண்டாம். ரத்தம் நின்றதாலேயே புண் ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள். சில்லுமூக்கு உடைவது பெரும்பாலும் மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம், விரல் எட்டும் இடத்தில்தான். பல சிறு ரத்தக்குழாய்கள் மெல்லிய சவ்வுக்கு அடியில் ஒன்றுகூடும் இடம் அது. இப்போது அங்கே வெறும் பொருக்குதான் மூடியிருக்கிறது.

மது ரத்தக்குழாய்களை விரிய வைக்கும். குடித்தவுடன் சிலருக்கு முகம் சிவப்பது அதனால்தான். கசிவை அடைக்க ஓடிவரும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் அது மட்டுப்படுத்தும். சிறுநீர் அதிகமாகப் பிரிந்து உடலில் நீர் குறையும். தானாக நின்ற சாதாரணக் கசிவுக்கே முதல் 24 மணி நேரம் மது கூடாது என்போம். உங்களுக்குக் கருக்கியிருப்பதால் ஒரு வாரமாவது பொறுங்கள். சிகிச்சை தந்தவர் அதற்கு மேலும் நாள் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே கணக்கு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, குடித்த பிறகு நடப்பவைதான். போதையில் மல்லாந்து தூங்குபவருக்கு ரத்தம் தொண்டைக்குள் இறங்குவதே தெரியாது. காலையில் தலைவலி என்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபெனோ போட்டால், அவையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் தேவை.

தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் திட்டமாட்டார். ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் உருவாகின்றன. அதைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். அப்புறம், தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அதற்கும் மருத்துவர் துணை வேண்டும்.

விருந்துக்குத் தாராளமாகப் போங்கள். மூக்கை பலமாகச் சிந்தாதீர்கள், பொருக்கை நோண்டாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மறுபடி ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல், உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் விட்டுப் பார்க்க வேண்டாம். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிவிடுங்கள். அதற்கும் நிற்காவிட்டாலோ, ரத்தம் கொட்டி மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.