அம்மாவுக்குத் தாகம் இல்லை, ஆனால் சோர்ந்தே கிடக்கிறார்: நீர்ச்சத்து குறைந்திருக்குமா?

70 வயது அம்மா தண்ணீரே கேட்பதில்லை, பகலெல்லாம் படுத்தே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும், அதனால் தாகத்தை நம்பாதீர்கள்.

சிறுநீரைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் பரவாயில்லை. தேன் நிறத்தில், அதுவும் கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டும். கையில் தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் ஏமாற்றும், அவர்கள் தோல் இயல்பாகவே தளர்ந்தது. கட்டிலிலிருந்து எழும்போது தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடிக்கிறாரா? எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது அது. அப்படி விழுந்துதான் பலருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. கவனிக்காமல் விட்டால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

தண்ணீர், மோர், கஞ்சி என்று அரை டம்ளராக அடிக்கடி கொடுங்கள். வயிற்றுப்போக்கும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதய, சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவரானால் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று பேச்சு குழறினாலோ, உங்களையே யாரென்று கேட்டாலோ, 'வயசாயிடுச்சு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.