ஐஸ்கிரீம் டப்பாவில் 407, 433, 466: குடல் நோய் உள்ள மகனுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி. இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது தொந்தரவு இல்லை. அவன் விரும்பும் ஐஸ்கிரீம் டப்பாவில் 407, 433, 466 என்று போட்டிருக்கிறது. கடைக்காரர், "அரசாங்கம் அனுமதிச்சதுதாங்க" என்கிறார். வாங்கலாமா? புகார் செய்யலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். மூன்றும் அனுமதி பெற்றவை, எண்களையும் அச்சிட்டுவிட்டார்கள். புகாருக்கு வழியில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த அனுமதி அது; உங்கள் மகனின் குடலை மனதில் வைத்துக் கொடுத்ததல்ல.

466 என்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 433 பாலிசார்பேட் 80. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமலும், ஐஸ் நறநறவென்று ஆகாமலும் இருக்கச் சேர்ப்பவை. குடல் சுவரைக் கிருமிகள் நெருங்காமல் ஒரு வழவழப்பான படலம் காக்கிறது. இந்த இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் படலம் மெலிந்து, கிருமிகள் சுவரை நெருங்கின என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு மனிதர்களிடமும் 466ஐச் சோதித்தார்கள். ஆரோக்கியமானவர்கள் 16 பேர், 11 நாள். அதைச் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணுயிர்களில் மாற்றம் தெரிந்தது. ஆனால் தினம் 15 கிராம் கொடுத்தார்கள். ஐஸ்கிரீமில் அவ்வளவு இருக்காது.

407 காரஜீனன், கடற்பாசியிலிருந்து எடுப்பது. உங்கள் மகனுக்குள்ள இதே நோய் அடங்கியிருந்த 12 பேரிடம் நடந்த ஒரு சிறிய சோதனையில், இதைச் சாப்பிட்ட ஐந்து பேரில் மூவருக்கு நோய் திரும்பியது. சாப்பிடாத ஏழு பேரில் ஒருவருக்கும் இல்லை. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் 407ஐத்தான் முதலில் ஒதுக்குவேன்.

அதற்காக, இயற்கையானதெல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோய் கிளம்பிய நாட்களில் நம் ஊர் கேழ்வரகுக் களியின் நாரே சிலருக்குச் சேராது. அப்போது என்ன கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள். எண்களைத் தவிர்த்துவிட்டோம் என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எப்போதாவது ஒரு கப் என்றால் பயப்பட வேண்டாம். தினப்படி வாங்கும் பிஸ்கட், பாக்கெட் பானம், ஃபிளேவர்டு பால் இவற்றைத்தான் திருப்பிப் பாருங்கள். "இயற்கை", "பழச்சாறு" எல்லாம் முன்பக்க விளம்பரம். சீசனில் வீட்டில் பெங்களூரா மாம்பழம் இருக்கும்போது, ஜூஸ் பாக்கெட் எதற்கு?

சின்ன கப்பில் பொருள் பட்டியல் இல்லாமல் இருக்கலாம். சிறிய பாக்கெட்டுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. அது வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால், அப்போது புகார் செய்யலாம்: நுகர்வோர் உதவி எண் 1915.