மலை பொது. மலையடி?

கேள்வி: தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர்கள் பதினொரு பேர் நான்கு கார்களில் மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி மலைக்குப் போனோம். மலையடியில் காலியாகக் கிடந்த ஒரு சிமென்ட் களத்தில் இரண்டு கார், பக்கத்து மண் பாதையில் இரண்டு கார் என்று நிறுத்திவிட்டு ஏறினோம். மூன்று மணி நேரம் கழித்து இறங்கி வந்து பார்த்தால் ஒரு காரின் முன் டயர் இரண்டிலும் காற்று இல்லை. களத்துக்காரர் என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். வேலி இல்லை, போர்டு இல்லை. அரசாங்கமே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடம். இங்கே வண்டி நிறுத்தாதே என்று சொல்ல இவர்கள் யார்? போலீசில் புகார் கொடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், கே.கே.நகர், மதுரை

பதில்: காற்றைப் பிடுங்கியது தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் இருக்கிற நியாயம் அது ஒன்றுதான்.

மதுரையில் எந்தத் தெருவிலும் பத்து வீட்டுக்கு ஒரு கேட்டில் ‘இங்கு வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவிலும் இல்லாமல் இருக்காது. அதைப் படித்துவிட்டு ‘இவர் யார் சொல்ல?’ என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேட்க மாட்டீர்கள். கேட் இருக்கிறது, உள்ளே ஒருவர் இருக்கிறார், அவர் கார் வெளியே வர வேண்டும் என்று தெரிகிறது. மேலூர்ப் பக்கத்து விவசாயி தன் களத்துக்கு கேட் போடவில்லை, பெயின்ட் வாங்கி எழுதவில்லை. அதனால் அது ஆள் இல்லாத இடமாகிவிட்டது, இல்லையா?

நம் ஊரில் நிலத்துக்கு எல்லை என்பது பத்திரத்தில் எழுதிய நான்கு மாலும், மூலைக்கு மூலை புதைந்து கிடக்கும் சர்வே கல்லும், நடுவில் ஒரு வரப்பும்தான். போர்டு என்பது வீட்டுமனை விற்கிறவர்கள் வைப்பது.

‘காலியாகக் கிடந்த களம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விடிகாலையில் எந்தக் களம் காலியாக இல்லாமல் இருக்கும்? பனி காய்ந்த பிறகுதான் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எட்டு, எட்டரை ஆனதும் சாக்கை அவிழ்த்துப் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிச் சால் ஓட்டி, மணிக்கொரு தடவை கிளறிவிட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் உச்சியில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கீழே அவர் ஈர நெல்லை டிரெய்லரில் வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு காரையும் சுற்றிச் சுற்றி வந்திருப்பார். ஈரம் காயாத நெல்லை அம்பாரமாக விட்டால் உள்ளே சூடேறி முளைவிடும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவியைச் செருகித்தான் எடுப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்பலாம். அரை நாள் வெயில் போனால் அவருக்கு என்ன போனது என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. மலையேற உங்களுக்குத் தோதான மாதம் எது? மார்கழி, தை, மாசி. பாறை சுடாது, வேர்க்காது. மேலூர்ப் பக்கம் அறுப்பு எப்போது? தையும் மாசியும். நீங்கள் வருகிற நாளும் அவருக்குக் களமும் பாதையும் வேண்டிய நாளும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை. வருஷா வருஷம் இப்படித்தான் வரும்.

சரி, அந்த மண் பாதைக்கு வருவோம். ‘ஓரமாகத்தான் நிறுத்தினோம்’ என்று கடிதத்தின் இன்னொரு இடத்தில் சொல்கிறீர்கள். எதற்கு ஓரம்? உங்கள் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் போகும் அளவுக்கு இடம் விட்டிருப்பீர்கள். அந்தப் பாதையில் வருவது கார் இல்லை. அறுப்பு மிஷின் வரும், வைக்கோல் கட்டு அடுக்கிய டிராக்டர் வரும். அறுப்பு மிஷினை மணிக் கணக்கில் வாடகை பேசிக் கூட்டிவருகிறார்கள். அது உங்கள் காருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றால், நின்ற நேரத்துக்கும் யாரோ காசு கொடுக்க வேண்டும்.

‘ஊர்க்காரர்கள் மட்டும் தார் ரோட்டில் நெல்லைக் காயப்போடலாமா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேளுங்கள், நியாயமான கேள்வி. அதுவும் தப்புதான். இருட்டில் பைக்கில் வருகிறவன் அந்தக் குவியலில் ஏறி, காவலுக்கு வைத்த கல்லில் முட்டி விழுகிறான். அதை நான் பல முறை இந்தப் பக்கத்திலேயே திட்டியிருக்கிறேன். ஆனால் ஏன் ரோட்டில் போடுகிறார்கள்? களம் போதவில்லை. நீங்கள் காரை நிறுத்தியது அந்தக் களத்தில்.

அடுத்தது அரசு அறிவிப்பு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் சொச்சத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். உண்மை. அங்கே லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருப்பதால், ஊருணியும் கண்மாயும் சுனையும் இருப்பதால் அறிவித்தார்கள். கார் நிறுத்த அறிவிக்கவில்லை. அப்படி அறிவிப்பதால் அந்த ஊர்க்காரர்களின் வழக்கமான புழக்கத்துக்குத் தடை வரக்கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததுதான். பட்டா களம் பட்டா களமாகவே இருக்கிறது.

அந்த மலை உங்களுக்கு மிச்சமாகக் கிடைத்ததே அவர்களால்தான். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது, 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை எதிர்த்து நடந்து வந்தது யார்? அந்த மாதமே மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. வந்தவர்களில் உங்களைத் திட்டிய களத்துக்காரரும் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவருக்குப் பார்க்கிங் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மேலே குகையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருப்பதைப் பார்த்தீர்களா? இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வெட்டு. நெல்வெளிச் சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைக் கொடுத்தார் என்று சொல்கிறது. துறவி படுத்துத் தூங்க ஒரு பாறை நிழல், அதற்கே கொடுத்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த மலையில் பழைய வழக்கம். உங்களுக்குக் களத்தை யார் கொடுத்தார்?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாகமலைப் பக்கம் ஒரு சமணக் குகையைப் பார்க்கப் போய், வேலிமுள் படல் ஒன்றின் முன்னால் காரை நிறுத்திவிட்டு ஏறிவிட்டேன். அது ஆட்டுக் கொட்டில். இறங்கி வரும்போது பதினொரு மணி. படலின் இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு ஆடுகள் ஒரே கத்தல். காரின் நிழலில் ஓர் அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “இன்னும் தண்ணி காட்டலப்பா, கொஞ்சம் நகத்துறியா” என்றார். அவ்வளவுதான். பானட்டின் மேல் ஏறி நின்று திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

அப்புறம் எங்கேதான் நிறுத்துவது? ஊருக்குள் நுழையும்போதே மந்தையிலோ டீக்கடையிலோ வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, “அண்ணே, மலைக்குப் போறோம், வண்டியை எங்க விடலாம்?” என்று கேளுங்கள். கை காட்டுவார்கள். காட்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், நடக்கத்தானே வந்தீர்கள்? கண்ணாடிக்குள் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். தன் பட்டா இடத்தில் நிறுத்த ஐம்பது ரூபாய் கேட்டால் கொடுங்கள், அது அவர் இடம். பொது ரோட்டில் நிறுத்தியதற்கு யாராவது கேட்டால் ஊராட்சி ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கடைசியாக, புகார். கொடுக்கலாம். காற்றைப் பிடுங்கியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தில் 324 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அடுத்தவர் சொத்துக்குச் சேதம். அவரும் புகார் கொடுப்பார். பாதையை மறித்ததற்கு 285 இருக்கிறது, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். களத்தில் நிறுத்தியதற்கு உங்கள் மேல் அத்துமீறல் நிற்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்குத் தொந்தரவு செய்யும் நோக்கம் வேண்டும். உங்களுக்கு அப்படி ஒரு நோக்கமும் இல்லை, யோசனையும் இல்லை. ஸ்டேஷனில் ரைட்டர் இரண்டு மனுவையும் வாங்கி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு, “பேசி முடிச்சுக்கங்க” என்பார்.

அந்தப் பேச்சை நேரே களத்துக்காரரிடமே போய்ப் பேசிவிடுங்களேன். போகும்போது ஒரே காரில் போங்கள்.