'வாழ்நாள் ஒஃபிஸ்' நாற்பது நாளில் நின்றால் காசு திரும்புமா?

கேள்வி: நல்லூரில் சிறிய கல்வி நிலையம் நடத்துகிறேன். இணையக் கடையொன்றில் 'ஒரிஜினல் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ், வாழ்நாளுக்கு, 5 கருவிகள்' என்று போட்டிருந்ததை டெபிட் காட்டில் 4,500 ரூபாய் கட்டி வாங்கினேன். ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் மின்னஞ்சலில் வந்தன. 40ஆம் நாள் கணக்கு முடங்கிவிட்டது. கேட்டால் 'வேறு கணக்குத் தாறம்' என்கிறார்கள். வாங்கலாமா? காசு திரும்புமா?

பதில்: அந்த மாற்றுக் கணக்கை வாங்காதீர்கள். விசா, மாஸ்டர்காட் அட்டைகளில் இப்படிக் காசைத் திருப்பிக் கேட்டு வங்கியிடம் செய்யும் முறைப்பாட்டுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு 40 போய்விட்டது. இரண்டாவது கணக்கு இன்னொரு ஒன்றிரண்டு மாதம் ஓடி நின்றால் மிச்ச நாளும் கரைந்துவிடும். விற்றவரும் 'மாற்றிக் கொடுத்துவிட்டோம், அவர் ஏற்றுக்கொண்டார்' என்று வங்கிக்கு எழுதிவிடுவார்.

இப்படிக் கணக்கோடு வரும் ஒஃபிஸுக்கு மைக்ரோசொஃப்ட் 365 என்று பெயர். அது மாதச் சந்தாவாகவோ ஆண்டுச் சந்தாவாகவோதான் விற்கப்படுகிறது. வாழ்நாள் என்று ஒன்று அதில் இல்லை. உங்களுக்கு வந்த பயனர் பெயரில் 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் கேள்விப்படாத ஒரு பள்ளியின் அல்லது நிறுவனத்தின் பெயர் இருக்கும். அவர்களுக்கென்று வழங்கப்பட்ட உரிமத்தில் கணக்கு ஒன்றைத் திறந்து உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்தக் கணக்கின் நிர்வாகி வேறு யாரோ. அவர் நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம், அந்தக் கணக்கின் இணையச் சேமிப்பிடமான வன்ட்ரைவில் உள்ள உங்கள் கோப்புகளைத் திறந்தும் பார்க்கலாம். மாணவர் புள்ளிகளும் வினாத்தாள்களும் அங்கே இருந்தால், கணினியில் உள்ள வன்ட்ரைவ் கோப்புறையில் எஞ்சிய பிரதிகளை இன்றே வேறு இடத்துக்கு எடுத்துவையுங்கள். காசை விட இது அவசரம்.

அடுத்தது ஆதாரம். 'ஒரிஜினல்', 'வாழ்நாள்' என்ற சொற்கள் தெரியும்படி விற்பனைப் பக்கத்தைப் படமெடுங்கள். முறைப்பாடு போனதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஓடர் இலக்கம், கணக்கு விவரம் வந்த மின்னஞ்சல், முடக்க அறிவிப்பு, வங்கிக் கூற்றின் அந்த வரி ஆகியவையும் வேண்டும். திரையைப் படமெடுக்கும்போது மூலையில் திகதியும் நேரமும் விழட்டும். உரையாடல் வட்ஸ்அப்பில் என்றால் அதை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

பிறகு விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள்: 'இந்தத் திகதியில், இந்த ஓடர் இலக்கத்தில் வாங்கியது விவரித்தபடி இல்லை. மாற்றுப் பொருள் வேண்டாம். 4,500 ரூபாயை 7 நாளுக்குள் அதே அட்டைக்குத் திருப்பவும்.' அவ்வளவு போதும். வசை சேர்த்தால் வங்கிக்குக் காட்ட உதவாது.

பதில் இல்லையென்றால் வங்கிக் கிளைக்குப் போய் டிஸ்பியூட் படிவம் கேளுங்கள். அட்டையில் கட்டிய காசை வங்கி வழியாகத் திருப்பிப் பெறும் இந்த வழிக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 'இந்தக் கொடுப்பனவை நான் செய்யவில்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் அட்டையை நிறுத்திவிட்டு, ஓடிபி கொடுத்தது நீங்கள்தான் என்று முறைப்பாட்டையும் தள்ளிவிடுவார்கள். நீங்கள் கட்டியது உண்மை, பொருள்தான் பொய். போலிப் பொருள் என்ற காரணத்துக்கு மைக்ரோசொஃப்டிடமிருந்தோ அதிகாரம் உள்ள வேறு தரப்பிடமிருந்தோ எழுத்துமூல உறுதி வேண்டிவரும். அவர்களுடைய உதவிச் சேவையில் கேட்டு, அந்த அரட்டையின் பிரதியைச் சேமித்தால் கை கொடுக்கும். அது கிடைக்கத் தாமதமானால் 'விவரித்தபடி இல்லை' என்ற காரணத்திலேயே கொடுங்கள். வாழ்நாள் என்றது 40 நாளில் நின்றதே போதிய சான்று. விற்றவரிடம் முதலில் கேட்டதற்கான ஆதாரம் இந்தக் காரணத்துக்குத்தான் தேவை.

'ஓடிபி கொடுத்தால் ஒண்டும் செய்யேலாது' என்று கவுண்டரில் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். அது அட்டை களவுபோனவருக்குச் சொல்லும் பதில். படிவத்தைக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவும் கைவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள், தொலைபேசி 1935.

அந்தக் கணக்கை இனி நிலையத்தில் பாவிக்கவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்துகொண்டே தொழிலுக்குப் பாவிப்பது குற்றம்.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து, கொழும்பில் உள்ள ஒருவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் காசு போட்டு அன்டிவைரஸ் வாங்கினேன். திறப்பு இலக்கம் வேலை செய்யவில்லை.

பதில்: நேரடி வைப்புக்குச் சார்ஜ்பேக் இல்லை. உங்கள் வங்கிக்கு உடனே அறிவித்தால் மறுபக்க வங்கியிடம் கேட்டுப் பார்ப்பார்கள். காசை எடுத்திருந்தால் அதோடு முடிந்தது. விற்றவர் இலங்கையில் இருப்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி 1977. ஆனால் தொலைபேசியோடு நிற்காதீர்கள்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடச் சொல்கிறது. விசாரித்து, காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வைப்புச் சீட்டு, விற்றவரின் கணக்கு இலக்கம், பக்கத்தின் முகவரி மூன்றையும் இணையுங்கள். ஆளே மறைந்துவிட்டால் பொலிஸ் முறைப்பாடும் வேண்டும்.

கேள்வி: யாழ் நகரில் வாங்கிய பாவித்த லப்டொப்பில் விண்டோஸ் அசலா என்று எப்படி அறிவது?

பதில்: விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உங்கள் 'ஓர்கனைசேஷன்' வழியாக இயங்குகிறது என்று இருந்து, நீங்கள் எந்த நிறுவனத்திலும் வாங்கவில்லையென்றால், கள்ள மென்பொருள் கருவியொன்றால் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகை அனுமதி 180 நாளுக்குத்தான். அந்தக் கருவி மறைவில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அன்டிவைரஸ் அதை நீக்கிய பிறகு விண்டோஸ் முரண்டு பிடிக்கத் தொடங்கும். அதுவரை அந்த லப்டொப்பில் வங்கி வேலை செய்திருந்தால், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

புது உரிமம் வாங்க ஓடுவதற்கு முன் ஒன்று. விண்டோஸ் 10 அல்லது 11 உடன் கம்பனியிலிருந்து வந்த லப்டொப்களில் அசல் திறப்பு இலக்கம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அநேகமாக ஹோம் பதிப்புக்கு. அதன் மேல் கடையில் புரோ என்ற வேறு பதிப்பைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஹோமின் இலக்கம் புரோவைத் திறக்காது. அதனால்தான் கள்ளத் திறப்பு தேவைப்பட்டிருக்கும். கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து 8 ஜிபி பென்ட்ரைவில் இறக்கி, ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவிப் பாருங்கள். இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டால் ஒரு சதமும் செலவில்லை.